கங்குத்தாயின் நாலாவது வகை

ஆமத்தூரில் பேச்சியம்மாள் வீட்டுக்கு வருகிறவர்கள் காலண்டரைப் பார்த்தே பேசிவிட்டுப் போவார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்துச் சுவரில் மாரியம்மன் வேப்பிலையோடு சிரித்துக்கொண்டிருப்பாள். "எப்படி இருக்கீக? கஞ்சி குடிச்சீகளா?" என்று வந்தவர்கள் அம்மனைக் கேட்பார்கள்.

"அவுக நல்லாத்தான் இருக்காக. நானும் இருக்கேன், இந்தப் பக்கம்" என்பாள் பேச்சியம்மாள்.

அவள் வாய் அப்படி. வெடிக் கம்பெனியில் பிடித்த தீயில் முகத்தின் ஒரு பாதி மெழுகாக உருகி, கழுத்தோடு சேர்ந்து இறுகிவிட்டது. புருவம் இல்லை. மேலுதடு ஒரு பக்கமாக ஏறிக்கொண்டது. வலது கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பகரம் மகரம் சொல்லும்போது கொஞ்சம் காற்றுப் போகும். மற்றபடி குரல் பழைய குரல்தான். "எல்லாத்தையும் தின்ன தீ இதை மட்டும் துப்பிட்டுப் போயிருச்சு" என்பாள்.

அவளைப் பெற்றவர்கள் பிறத்தியார் புஞ்சையில் பருத்தி எடுத்துப் பிழைத்தவர்கள். மழை பொய்த்துப் புஞ்சையெல்லாம் வேலிக்கருவேல் ஆனபோது பேச்சியம்மாள் பாவாடை கட்டுகிற பிள்ளை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஒட்டப் போனாள். லோடு ஆட்டோ ஓட்டும் முனியசாமிக்கு வாக்கப்பட்ட பிறகு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் சேர்ந்தாள். குழாய்க்குள் மருந்து அடைக்கிற வேலை. வளையல், கொலுசு எல்லாவற்றையும் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், உரசினால் பொறி. வாயைக் கழற்றி வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதனால் உள்ளே போனதிலிருந்து பேச்சியம்மாள் கதை சொல்லுவாள். பெரும்பாலும் பேய்க் கதை. பக்கத்தில் இருக்கிற வள்ளித்தாய், "ஏட்டி, போதும்டி, எனக்கு ஒத்தையில வீட்டுக்குப் போகணும்" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "பெறகு என்னாச்சு?" என்பாள்.

மருந்தில் சேர்க்கிற வெள்ளிப்பொடி எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ரேகைக்குள் நின்றுகொள்ளும். "எங்க அம்மாவுக்கு வெள்ளிக் கை" என்று அவள் மகள் செல்வலட்சுமி பள்ளிக்கூடத்தில் பெருமை பேசிவிட்டு வருவாள்.

வருசா வருசம் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போய் அதே கையில் அக்கினிச்சட்டி எடுப்பாள் பேச்சியம்மாள். வேப்பிலையை அடியில் கொடுத்து, கங்கு நிறைந்த சட்டியை ஏந்தி நடப்பாள். ஒரு கொப்புளம் கண்டதில்லை. அதனால்தான் பின்னால் ஊரில் நாலு பேர், "ஆத்தாளுக்கு என்ன கொறை வச்சாளோ" என்று பேசினார்கள். காதில் விழுந்தபோது பேச்சியம்மாள் கோபப்படவில்லை. "ஆத்தா கொடுத்த தீ வேற, கம்பெனித் தீ வேற. அதுக்கு அவ என்ன செய்வா பாவம்" என்றாள்.

கம்பெனியில் தீப்பிடித்தது சீசன் நேரத்தில். தீபாவளி ஆர்டர் நெருக்கியது. அறைக்குள் இருக்க வேண்டிய ஆட்களைவிட அதிகம் பேர் இருந்தார்கள். கதை பாதியில் இருந்தது. வள்ளித்தாய் பாதிக் கதையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். மீதிப் பாதியைப் பேச்சியம்மாள் அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லவில்லை.

மதுரை ஆஸ்பத்திரிக்குச் செல்வலட்சுமியைக் கூட்டிவந்தது முனியசாமியின் அக்கா முருகம்மாள். பிள்ளை கட்டிலைப் பார்த்தாள். அத்தையின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "இது எங்க அம்மா இல்ல, வேற என்னமோ கெடக்கு" என்றாள். முருகம்மாள் அவளை மல்லாங்கிணற்றுக்குத் தன்னோடு கொண்டுபோய் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. அதற்குள் பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

ஆனால் போன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் முனியசாமி தன் செல்போனை மனைவி காதில் வைத்துப் பிடிப்பான். அந்தப் பக்கம் பிள்ளை விடாமல் பேசுவாள். டீச்சர் அடித்தது, அத்தை வீட்டு ஆடு குட்டி போட்டது, எல்லாம். கதை கேட்பாள். பேச்சியம்மாளும் சொல்லுவாள், பேய் இல்லாத கதையாகப் பார்த்துச் சொல்லுவாள்.

"வீட்டுக்கு வாறியா தாயி?"

"நீ வந்துட்டியாம்மா?"

"நான் இங்கனதான இருக்கேன்."

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்துவிடும். பிறகு பிள்ளை, "அங்கன அது இருக்கும்ல" என்பாள்.

அம்மா எங்கேயோ போனுக்குள் இருக்கிறாள். ஆமத்தூர் வீட்டில் 'அது' இருக்கிறது. பிள்ளை அப்படிப் பிரித்து வைத்துக்கொண்டாள். மாரியாத்தா குரலையாவது விட்டுவைத்தாளே என்று பேச்சியம்மாள் காலண்டரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வாள்.

பாலகுரு அடுத்த தெருப் பையன். சிவகாசியில் ஓர் அச்சாபீசில் கம்ப்யூட்டரில் படம் ஒழுங்கு பண்ணுகிற வேலை. முனியசாமியிடம் லோடு சொல்ல வந்தவன், கையிலிருந்த உறையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வெளியே பேசப் போனான். உறை சரிந்து ஒரு படம் எட்டிப் பார்த்தது. பேச்சியம்மாள் இடது கையால் அதை இழுத்தாள்.

பொம்பளை உருவம். புருவம் இல்லை. ஒரு பக்கத்து முகம் வழிந்து கழுத்தில் சேர்ந்திருந்தது.

உள்ளே வந்த பாலகுரு அதைப் பார்த்ததும் வெலவெலத்துப்போனான். "மதினி, அது... அது பெங்களூர்க் கம்பெனி ஆர்டர் மதினி. படம் வரஞ்சவன் எவனோ. இங்கன யாரையும் பாத்துப் போடல."

"நான் ஒண்ணும் சொல்லலையே. என்னைவிட மூக்கு நல்லா இருக்கு. என்னதுக்கு இது?"

அவன் காலண்டரைப் பார்த்துக்கொண்டே விளக்கினான். புது மாதிரி விளையாட்டு. சீட்டும் பகடையும் உண்டு. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தன் வீரன், ஒருத்தன் திருடன், ஒருத்தன் மந்திரவாதி. ஒருத்தன் மட்டும் கதை சொல்லுகிறவன். 'முன்னால பூதம் வந்து நிக்குது, என்ன செய்யிறே?' என்று அவன் கேட்பான்.

"கூத்து மாதிரின்னு சொல்லு."

"கூத்துல ராசா தோக்க மாட்டார். இதுல பகடை சரியா விழலைன்னா செத்துப்போவார்."

"நல்ல வெளையாட்டுத்தான். இவ பேரு என்ன?"

"பேரு இல்ல, நம்பர்தான். ஒவ்வொரு பூதத்துக்கும் ஊர்ல சொல்ற மாதிரி ஒரு கதை வேணும்ங்காக. ஒரே பூதத்துலயே வகை வகையா வேணுமாம். மத்ததுக்கெல்லாம் எப்படியோ எழுதியாச்சு. இதுக்குத்தான் ஒண்ணும் ஓடல."

பேச்சியம்மாள் படத்தைப் பார்த்தபடியே இருந்தாள். தெரியாததற்குத்தான் பிள்ளை பயப்படுகிறாள். அது எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பயம் பாதியாகும். வாயால் சொன்னால் அம்மா சமாதானம் சொல்கிறாள் என்று விட்டுவிடுவாள். அச்சில் வந்ததை நம்புவாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை அல்லவா?

"கொழுந்தனாரே, உக்காரும். பேரு கங்குத்தாய். எழுதிக்கிரும்."

அவள் சொன்னது இது. கங்குத்தாய் நம்மைப்போல் ஒரு பொம்பளை. ஊருக்காக நெருப்பைச் சுமந்து போனபோது, வழியில் இறக்கி வைக்க இடம் கேட்டாள். யாரும் கொடுக்கவில்லை. சுமந்த நெருப்பு அவளையே பிடித்துக்கொண்டது. சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. தன் வீட்டு வாசலைத் தேடி வந்து உட்கார்ந்துவிட்டாள். யாரையும் கூப்பிட மாட்டாள். படியைத் தாண்ட மாட்டாள். அவளுக்குத் தாகம் மட்டும்தான். ஒரு செம்புத் தண்ணீரை எதிரில் வைத்தால் குடிப்பாள். குடித்துவிட்டு அங்கேயே இருப்பாள். அவ்வளவுதான்.

பாலகுரு அதைக் கம்பெனிக்கு அனுப்பினான். இரண்டு நாளில் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"இது பூதமே இல்லைங்காக மதினி. சும்மா உக்காந்து தண்ணி குடிக்கிறதை வச்சு என்ன சண்டை போடன்னு கேக்காக. பயமா மூணு வகை குடுத்தா, இதை நாலாவதா சேத்துக்கிடுதோம்ங்காக. இல்லாட்டி வேற ஆள்கிட்ட மொத்தமா எழுதி வாங்கிக்கிடுவாகளாம்."

"வேற ஆள் எழுதினா நம்ம கதை?"

"போயிரும்."

நாலாவதைக் கரை சேர்க்க மூன்று பேயைப் பெற வேண்டும். பேச்சியம்மாளுக்கு அது பெரிய வேலை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். கம்பெனி அறையில் குழாய்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது.

முதல் வகை கிணற்றுக் கங்குத்தாய். தூர்ந்துபோன கிணற்றுக்குள் குத்தவைத்திருப்பாள். எட்டிப் பார்க்கிறவர்களிடம் தண்ணீர் கேட்பாள். இல்லை என்று சொன்னால் இழுத்துக்கொள்வாள். இரண்டாவது வெள்ளிக்கைக் கங்குத்தாய். லோடு வண்டிகள் போகிற சாலையில் பின்னாலேயே வந்து தோளைத் தொடுவாள். தொட்ட இடத்தில் வெள்ளியாய்க் கை பதியும். அந்த ஆள் அடுத்து அடுப்புப் பக்கம் போனால் முடிந்தது.

"மதினி, இனி ராத்திரி ரோட்டுல போக மாட்டேன். ரெண்டும் நல்லா வந்திருக்கு" என்று எழுதிக்கொண்டே சொன்னான் பாலகுரு. "மூணாவது இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடணும்."

பேச்சியம்மாள் மறுபடியும் கண்ணை மூடினாள். பிறகு சொன்னாள். மூன்றாவது பிள்ளைபிடிக் கங்குத்தாய். அவளுக்கு முகம்தான் வெந்திருக்கும், குரல் வேகாது. எந்தப் பிள்ளை வேண்டுமோ அந்தப் பிள்ளையின் அம்மா குரலை எடுத்துக்கொள்வாள். வாசலில் நின்று, 'தாயி, வீட்டுக்கு வாறியா' என்று கூப்பிடுவாள். பதில் சொன்னால் பிள்ளை இல்லை.

வெளியே ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த முனியசாமி ஒரு தரம் உள்ளே திரும்பிப் பார்த்தான். மறுபடியும் துடைக்கத் தொடங்கினான். போனில் தானே கூப்பிடுகிற வார்த்தை அது என்று பேச்சியம்மாளுக்கு அப்போது உறைக்கவில்லை. நல்ல கதை ஒன்று வந்து விழுந்த சந்தோசத்தில் இருந்தாள். வெகுநாளுக்குப் பிறகு வந்த சந்தோசம்.

அச்சு ஓடி முடிந்ததும் பாலகுரு சீட்டைக் கொண்டுவந்தான். வாசலிலேயே நின்றான். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"நாலாவதை எடுத்துட்டாக மதினி. கடைசி நேரத்துல. சீட்டுல எடம் பத்தலையாம். அதுவும் போக, எதுவும் செய்யாதது வெளையாட்டுல எதுக்குன்னு..."

"மூணு?"

"மூணும் அப்படியே வந்திருக்கு."

பேச்சியம்மாள் சீட்டை வாங்கித் திருப்பி வைத்தாள். "சரி. வெயில்ல நிக்காதீக. மோரு இருக்கு, குடிச்சுட்டுப் போங்க" என்றாள். மல்லாங்கிணற்றுக்கு அனுப்ப நினைத்த சீட்டு அது. அனுப்பாமல் விட்டால் போயிற்று என்று நினைத்தாள்.

ஆனால் அச்சாபீசில் எதுவும் வீணாகப் போவதில்லை. மெசினில் கலர் சரியாக உட்காருகிறவரை ஓடுகிற காகிதமெல்லாம் வேஸ்ட். அது கட்டுக் கட்டாக வெடிக் குழாய் உருட்டுகிற வீடுகளுக்குப் போகும். எந்தப் படமாக இருந்தாலும் சுருண்டு குழாயாகிவிடும். யாரும் அதைப் பிரித்துப் படிப்பதில்லை. மல்லாங்கிணற்றில் முருகம்மாளும் குழாய் உருட்டினாள். அவளுக்கு வேண்டிய கட்டுகளைத் தம்பி முனியசாமிதான் தன் ஆட்டோவில் கொண்டுபோய்ப் போடுவான். அந்த மாதமும் போட்டான். அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் எழுத்து தெரியாது. கட்டின் மேலே ஒரு சோப்பு விளம்பரம் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் பிள்ளை வரவில்லை. முருகம்மாள்தான் பேசினாள்.

"போனைக் கையில வாங்க மாட்டேங்கா பேச்சி. 'அது அம்மா குரல்ல பேசுது, பதில் சொன்னாப் பிடிச்சுக்கிடும்'ங்கா. வேஸ்ட் கட்டுல என்னத்தையோ வெட்டி எடுத்து மடியில கட்டிக்கிட்டுத் திரியிறா. அதுல ஒரு படம்... நான் என்னத்தச் சொல்ல. நானே கண்ணைத் திருப்பிக்கிட்டேன்."

"மதினி, போனை அவ காதுல வைங்க. நான் ஒரு வார்த்தை..."

அந்தப் பக்கம் பிள்ளை வீரிட்டு ஓடுகிற சத்தம் கேட்டது. முனியசாமி போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"எல்லாம் பொய்யி, நான்தான் கட்டிவிட்டேன்னு அவகிட்டச் சொல்லிரு" என்றான்.

"எந்தக் குரல்ல சொல்ல?" என்றாள் பேச்சியம்மாள்.

அவன் எழுந்து வெளியே போனான். அவள் காலண்டரைப் பார்த்தாள். வருகிறவர்கள் ஏன் அங்கே பார்க்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. தாங்க முடியாததிலிருந்து கண்ணை எடுத்துக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அம்மன் அதையும் வாங்கி வைத்துக்கொள்கிறாள்.

பங்குனி வந்தது. பேச்சியம்மாள் பிழைத்தால் சட்டி எடுப்பதாக முருகம்மாள் நேர்ந்திருந்தாள். அந்த வருசம் எடுத்தாள். பிள்ளையைத் தனியாக விட ஆளில்லை, கூடவே கூட்டிவந்திருந்தாள். சாமி கும்பிட்ட கையோடு எல்லாரையும் முனியசாமி ஆட்டோவில் ஏற்றி ஆமத்தூருக்குக் கொண்டுவந்தான். முந்தின நாளே பேச்சியம்மாள் அவனிடம் சொல்லிவிட்டிருந்தாள். அவன் பேசுகிற ஆள் இல்லை. இருந்தாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னதைச் சொன்னான்.

"நாலாவது ஒண்ணு இருக்கு தாயி. அது கூப்பிடாது. வாசல்லயே உக்காந்திருக்கும். தண்ணி வச்சாக் குடிக்கும். அம்புட்டுத்தான்."

"இதுல மூணுதான இருக்கு?" செல்வலட்சுமி மடியிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினாள்.

"எடம் பத்தலையாம்."

"யாரு சொன்னா?"

"அச்சுப் போட்டவுக சொன்னாக."

பிள்ளை காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

ஆட்டோச் சத்தம் கேட்டதும் பேச்சியம்மாள் வாசப்படிக்கு உள்பக்கமாக வந்து உட்கார்ந்தாள். முக்காடு போட்டுக்கொள்ளலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டாள். முருகம்மாள் மஞ்சள் சேலையோடு இறங்கி ஓரமாக நின்றாள். செல்வலட்சுமி தெருவுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டாள். வளர்ந்திருந்தாள். சடையில் சிவப்பு ரிப்பன். மரத்தைப் பிடித்தபடி நெடுநேரம் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள், மறுபடியும் இங்கே பார்த்தாள்.

"நீ எந்த வகை?" என்று கேட்டாள்.

பேச்சியம்மாள் வாயைத் திறக்கவில்லை. வலது கையைத் தூக்கினாள். நாலு விரலைக் காட்டலாம் என்றால் விரல்கள் பிரியவில்லை. இடது கையைத் தூக்குவதற்குள் பிள்ளை முந்திக்கொண்டாள்.

"கெணத்துக்குள்ள இல்ல. அதனால ஒண்ணாவது இல்ல" என்று பிள்ளை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "கையைக் காட்டு."

பேச்சியம்மாள் இரண்டு உள்ளங்கையையும் திருப்பிக் காட்டினாள். ஒட்டுப்போட்ட தோல் வெளிறிப் பளபளத்தது. ரேகை இல்லை, ரேகைக்குள் நிற்கிற வெள்ளியும் இல்லை.

"வெள்ளி இல்ல. ரெண்டாவதும் இல்ல." பிள்ளை மரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அப்ப மூணாவதுதான். கூப்பிடு பாப்பம். எங்க அம்மா மாதிரிக் கூப்பிடு."

முருகம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பேச்சியம்மாளின் தொண்டைக்குள் 'தாயி' என்கிற சொல் ஏறி வந்து நின்றது. கம்பெனியில் மேஸ்திரி அடக்க முடியாத வாய், ஆஸ்பத்திரியில் வலி அடக்க முடியாத வாய். அவள் அதை மூடிக்கொண்டாள். சரியாக மூடாத உதட்டை இடது கையால் பொத்திக்கொண்டாள்.

"கூப்பிட மாட்டியா?"

வேப்பமரத்தில் காக்கை ஒன்று கத்தியது. பேச்சியம்மாள் பொத்திய கையை எடுக்கவில்லை.

பிள்ளை யோசித்தாள். பிறகு ஆட்டோவிலிருந்து அத்தையின் செம்பை எடுத்தாள். தெருக்குழாயில் பிடித்தாள். பாதித் தெருவரை கொண்டுவந்து நின்றாள், இன்னும் நாலடி வந்தாள், எட்டிக் கையை நீட்டிப் படிக்குக் கீழே வைத்துவிட்டு, மரத்தடிக்கு ஓடிப்போய்த் திரும்பினாள்.

பேச்சியம்மாள் குனிந்து இடது கையால் செம்பை எடுத்தாள். இறுகிய கழுத்து அண்ணாந்து குடிக்க விடாது. உதட்டில் வைத்துச் சாய்த்தாள். பாதித் தண்ணீர் தாடையில் வழிந்து சேலையை நனைத்தது. மீதியைக் குடித்தாள். செம்பை எடுத்த இடத்திலேயே வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே இருந்தாள்.

செல்வலட்சுமி மரத்தைவிட்டுக் கையை எடுத்தாள்.

"அத்தை," என்றாள் மெதுவாக, "அது குடிச்சிருச்சு."

முருகம்மாள் அழுகையை அடக்கிக்கொண்டு, "ஆமா தாயி, குடிச்சிருச்சு" என்றாள்.

பிள்ளை வந்து செம்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் குழாயடிக்குப் போனாள். நிறையப் பிடித்தாள். கொண்டுவந்து வைத்தாள். முன்பு வைத்த இடம்தான். ஒரு விரல்கடைகூட நெருக்கி வைக்கவில்லை. ஆனால் மரத்தடிவரை ஓடாமல், பாதித் தெருவிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சியம்மாளுக்குத் தாகம் தீர்ந்திருந்தது. ஆனாலும் செம்பை எடுத்துக் குடித்தாள்.